முட்டையில் முட்டை!

பரீட்சையில முட்டை வாங்கினவங்களைப் பார்த்திருப்பீங்க பாஸ். முட்டையிலேயே முட்டை வாங்கினவனைப் பார்த்திருக்கீங்களா? இதோ, அடியேன்!

போன செமஸ்டர் லீவுல அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். 'உடம்பு தேறணும்னா புரோட்டீன் வேணும். தினமும் ரெண்டு அவிச்ச முட்டை கொடுங்க'னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாவுக்கு ஷிஃப்ட். ஸோ, கிச்சன் இன்சார்ஜ் நான்தான். பக்கத்து வீட்டு ஆச்சி, அன்னிக்குக் காலையில இட்ட நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல 87 மார்க் எடுத்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபின்னு, 20 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டேன்.

வெள்ளைக்கரு ரப்பர் பந்து. மஞ்சள்கருவைச் சுத்திப் பச்சை வளையம். உரிச்சப்போ பாதி முட்டை ஓட்டோடவே போயிருச்சு. அம்மா ஒரு வாய் கடிச்சுட்டு, "பசிக்கலைடா கண்ணா"ன்னு தட்டைத் தள்ளி வெச்சுட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு!

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சப்பதான் மேட்டர் புரிஞ்சுது. வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸ்லயே இறுக ஆரம்பிச்சுடும். மஞ்சள்கரு 65-லேர்ந்து 70-க்குள்ள கெட்டியாகும். தண்ணி கொதிக்கிறதோ 100-ல! சுருண்டு கிடக்குற புரோட்டீன் இழைகள் சூட்டுல பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, நடுவுல தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுதான் பதமா வெந்த முட்டை. அதுக்கு மேலயும் சூடு ஏத்தினா, பிடி இறுகி தண்ணியைப் பிழிஞ்சு வெளியே தள்ளிடும். அதுதான் ரப்பர்!

பச்சை வளையம் விஷம் இல்லீங்க. வெள்ளைக்கருவுல இருந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடும் மஞ்சள்கருவுல இருக்குற இரும்பும் சேர்ந்து உருவாகுற இரும்பு சல்ஃபைடு. 'ரொம்ப நேரம் வேகவெச்சுட்டே ராசா'ன்னு முட்டை சொல்ற சிக்னல்.

உரிக்க வராததுக்குக் காரணம், முட்டை செம ஃப்ரெஷ்! புது முட்டையில வெள்ளைக்கரு உள்தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கும். நாளாக ஆக, ஓட்டுல இருக்குற நுண்துளைகள் வழியா கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். காரத்தன்மை கூடும், ஒட்டு தளரும்.

இப்ப ஃபார்முலா. முதல்ல தண்ணியைக் கொதிக்க விடுங்க. நாலஞ்சு நாள் ஃப்ரிட்ஜுல இருந்த முட்டையைக் கரண்டியில மெதுவா இறக்குங்க. பட்டுனு சூடு பட்டா, வெள்ளைக்கரு தோலோட அவ்வளவா ஒட்டாது. தீயைக் குறைச்சு 11 நிமிஷம். நாட்டுக்கோழி முட்டை சின்னது, 9 போதும். உடனே ஜில் தண்ணிக்கு மாத்துங்க. இல்லேன்னா உள்ளே தங்கின சூட்டுலயே அது தொடர்ந்து வெந்துக்கிட்டே இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை... உடம்பு முடியாதவங்களுக்கு ஆஃப்பாயில் வேண்டாம். சால்மோனெல்லா கிருமி இருந்தா, அரைகுறையா வெந்த கருவுல அது தப்பிச்சுக்கும்.

மறுநாளே ரீ-எக்ஸாம். அம்மா ரெண்டையும் முழுசா சாப்பிட்டு, "கொஞ்சம் மிளகு தூவியிருக்கலாம்ல"ன்னாங்க. குறை சொல்ற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்!

மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கிட்டே நாலு வருஷத்தை ஓட்டிடலாம் மக்களே. ஆனா, அடுத்த லீவுல ஒரே ஒரு முட்டை அவிச்சுப் பாருங்க. வீட்டுல யாருக்காவது தேவைப்படுறதுக்கு முன்னாடியே!