நியாயமான மனிதன் என்றொரு கற்பனைப் பாத்திரம்

இங்கிலாந்தின் 1997 தொல்லைத் தடுப்புச் சட்டம் ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கிறது: 'நியாயமான மனிதன்'. தன் செய்கை பிறருக்குத் தொல்லை என்பது ஒருவனுக்குத் தெரியாவிட்டாலும், அதே தகவல்களைக் கையில் வைத்திருக்கும் நியாயமான மனிதனுக்குத் தெரிந்திருக்குமென்றால் போதும், குற்றம். 2001இல் மனச்சிதைவு நோயாளி ஒருவரின் வழக்கில், நோயின் சாயல் எதையும் இந்தப் பாத்திரத்தின்மீது ஏற்றக்கூடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2012இல் பின்தொடர்தல் தனிக் குற்றமானபோதும் அளவுகோல் மாறவில்லை. ஆட்டிசம் உள்ளவனும் இதன் எதிரில்தான் நிற்கவேண்டும்.

தீர்ப்பின் தர்க்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பின்தொடரப்படுகிறவளின் பயம், பின்தொடர்கிறவனின் மூளை அமைப்பைப் பொறுத்ததல்ல. 'பாவம், அவனுக்குத் தெரியாது' என்று உருகும் நம் மனிதாபிமானிகள் அவளைக் கதையிலிருந்தே அகற்றிவிடுகிறார்கள். இது இரக்கமல்ல, சௌகரியம்.

எதிர் முகாமின் பம்மாத்து இன்னும் மோசம்: ஆட்டிசம் என்றாலே ஆபத்தாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் 2007ஆம் வருடக் கட்டுரை ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் பொருந்தாத விதத்தில், அதிக காலம் பின்தொடர்வதாக அது சொல்கிறது. ஆதாரம், 25 பேரின் பெற்றோர் சொன்ன விவரம். இதை வைத்து ஒரு ஜனத்தொகைக்கே போலீஸ் அடையாளம் எழுதுவது அபத்தம். அதே கட்டுரையின் மற்றொரு முடிவை யாரும் பேசுவதில்லை: நட்பையும் காதலையும் நண்பர்களிடமிருந்து கற்கும் வாய்ப்பு இவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2013இல் வந்த இ.பி.கோ. 354டி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்வதே குற்றம் என்கிறது. எது தெளிவு? முகத்தைத் திருப்புவதா? போனை எடுக்காததா? 'பார்க்கலாம்' என்பதா? உள்ளுறையும் இறைச்சியும் படித்து வளர்ந்த நாம் குறிப்பையே மொழியின் உச்சம் என்கிறோம். சொல்லைச் சொல்லாக மட்டுமே வாங்குகிறவனுக்குக் குறிப்பு ஒரு மொழியே அல்ல.

அதற்காக விளக்கும் கடமையை அவள் தலையில் கட்டமாட்டேன். மௌனம் அவள் உரிமை. எழுதிச் சொல்லவேண்டியது அரசாங்கம். 2019இல் இங்கிலாந்து இயற்றிய பின்தொடர்தல் பாதுகாப்பாணைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது: போலீஸ் கேட்டால், எதைச் செய்யக்கூடாது, எதைச் செய்தாக வேண்டும் என்று நீதிமன்றம் எழுதித் தரலாம்; மீறினால் தண்டனை. வங்கிக் கவுண்டரில் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டுக் கொடுக்கிறோமே, அதுபோல. 'தொந்தரவு செய்யாதே' என்பது போதாது. இந்தத் தெருவுக்குப் போகாதே, இந்த எண்ணை அழைக்காதே, பரிசு அனுப்பாதே. ஆட்டிசம் உள்ளவனுக்கு அதைப் புரியும்படி சொன்னார்களா என்பதை நீதிபதி முதலில் கேட்கட்டும்.

மறுப்பு புரிந்தும் விடாமல் துரத்துகிறவன் வேறு ஜாதி. நம் சினிமா அவனை முப்பது நாற்பது வருஷமாகக் கதாநாயகனாக்கி வருகிறது. அவனுக்கு நோயுமில்லை, குறைபாடுமில்லை, ரசிகர்கள் இருக்கிறார்கள். அவன் ஆட்டிசத்தின் குடைக்குள் ஒதுங்க இடம் தரக்கூடாது.