முதலில் போன், அப்புறம்தான் ஸ்பூன்!

எங்கள் வீட்டுப் பூனை பட்டு அன்றைக்கு மீனைக்கூடத் தொடவில்லை. தொட்டால் உடம்பு சுட்டது. ஆபீஸில் மேனேஜர் கத்திய நாட்களில் நான் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமாலில் அரை மாத்திரையைத் தேனில் குழைத்தேன்.

‘‘டாக்டருக்கு ஒரு போன் போடுங்களேன்’’ என்றாள் மனைவி. போட்டேன்.

‘‘குடுத்துட்டீங்களா?’’ என்று அவர் அலறியதில் ஸ்பூன் கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஈறு பழுப்பாகி, மூச்சு முட்டும். ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். நாய் வளர்ப்பவர்களே, உங்களுக்கும் ஒரு லிஸ்ட்: சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது!

பட்டுவைக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடினேன். தெர்மாமீட்டர் 101.5 காட்டியது.

‘‘பார்த்தீங்களா டாக்டர், ஜுரம்!’’

‘‘இது நார்மல் சார். நாய், பூனைக்கு 102.5 வரைக்கும் போகும். 98.6 உங்களுக்குத்தான்.’’

ஈறில் குத்தியிருந்த மீன் முள்ளை எடுத்தார். பட்டு உடனே என் சட்டையைப் பிறாண்டியது. அப்பாடா, பிழைத்தது!

மீதி அரை மாத்திரையா? பில்லைப் பார்த்ததும் நானே போட்டுக்கொண்டேன்.