தலையாட்டிப் போட்ட சட்டை

(மூன்றாம் ஆண்டு, ஆடைத் தொழில்நுட்பம்)

நண்பர்களே, வகுப்பில் சார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? தலையை ஆட்டுகிறோம். புரியாவிட்டாலும் ஆட்டுகிறோம், காதில் விழாவிட்டாலும் ஆட்டுகிறோம். அப்படி ஆடிய ஒரே ஒரு தலையால் ஒரு பெண்ணின் தொழிலே கவிழ்ந்துபோன கதையை விடுதியில் ஒரு நண்பன் செல்போனில் போட்டுக் காட்டினான். 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1993 செப்டம்பர் 23 அன்று வந்த 'தி பஃபி ஷர்ட்' என்ற பகுதி அது. எழுதியவர் லாரி டேவிட்.

நியூயார்க்கில் மேடையேறி நகைச்சுவை பேசிப் பிழைக்கிறவன் ஜெர்ரி. எதிர்வீட்டு கிராமரின் சிநேகிதி லெஸ்லி, ஆடை வடிவமைப்பவள். ஓட்டலில் சாப்பிடும்போது அவள் ஏதோ சொல்கிறாள். குரலோ கொசுவின் ரீங்காரத்தைவிடக் கம்மி. ஜெர்ரிக்கு ஓர் எழுத்தும் கேட்கவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டி வைக்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு 'டுடே' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டான் என்று! அதுவும் எப்பேர்ப்பட்ட சட்டை? மார்பு முழுக்க ஃப்ரில், புஸ்ஸென்று பஃப் கை. அசல் கடற்கொள்ளைக்காரன் சட்டை. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. அவன் டி.வி.யில் போட்டு வருவான் என்ற நிபந்தனையின் பேரில்தான் கடைகள் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. நியூஜெர்சியில் ஃபேக்டரி தைக்கவே ஆரம்பித்துவிட்டது.

எல்லாரும் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைக்காரர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு. துணி எப்படி, தையல் எப்படி என்று ஒருத்தராவது கேட்டதாகக் கதையில் இல்லை. யார் போடுகிறான் என்பதுதான் கேள்வி. ஃபேஷன் உலகத்தை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியுமா என்ன?

இதிலே இன்னொரு கூத்து ஜார்ஜ். வேலை போய், அப்பா அம்மா வீட்டிலேயே வந்து கிடக்கிறவன். இவனுடைய கை அழகாக இருக்கிறதென்று யாரோ கண்டுபிடித்து, விளம்பரத்துக்குக் கை காட்டும் மாடல் ஆக்கிவிடுகிறார்கள்! உடனே ஐயா அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். வேலை செய்யாத கைக்குத்தான் அங்கே விலை. ஊசி குத்திக் குத்தி விரல் நுனி காய்த்துப்போன நமக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். கடைசியில் அவன் சட்டையைக் கிண்டல் பண்ணப் போக, லெஸ்லி தள்ளிவிட, கை போய் விழுவது சூடான இஸ்திரிப் பெட்டி மேலே. பாவம்தான், ஆனாலும் நான் கை தட்டினேன்.

ஜெர்ரி போன நிகழ்ச்சி ஏழைகளுக்குத் துணி தரும் குட்வில் அமைப்புக்காக. நேரடி ஒளிபரப்பில் பொறுக்கமாட்டாமல் சட்டையை முட்டாள்தனம் என்று சொல்லிவிடுகிறான். அப்போதுதான் லெஸ்லியின் குரல் முதல் தடவையாக உரக்கக் கேட்கிறது, வசவாக! ஆர்டரெல்லாம் ரத்து. தைத்த சட்டைகள் குட்வில்லுக்குப் போய், தெருவில் கையேந்துகிறவர்கள் மேலே ஏறுகின்றன. கடைக்கு ஆகாத அதே சட்டை, 2004-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனதே, அது நிஜம்!

"சத்தமாப் பேசாதது அவ தப்புடா" என்கிறான் அறை நண்பன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று ஜெர்ரி ஒரு தடவை கேட்டிருக்கலாம். கதை மேல் எனக்குள்ள குறை வேறு. அந்த நியூஜெர்சி தையல்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கடைசிவரை யாரும் மூச்சுவிடவில்லை.

சரி, ஜெர்ரியைச் சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? இரண்டாம் ஆண்டு லேபில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே சார் தையலுக்கு விட வேண்டிய துணியைப் பற்றி ஏதோ சொன்னார். ஆட்டினேன் தலையை. சாக்பீஸ் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினேன், அரை இஞ்ச்கூட விடாமல். எனக்கென்று வெட்டிய சட்டை அது. தைத்து முடித்தபோது ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பிக்குக்கூட அக்குளில் பிடித்தது.