ஊரின் சொல்லுக்கு உரிய அதிகாரம்

பேரிடர் மேலாண்மைக்கென எழுதப்படும் திட்டங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்ற தொடர் இடம்பெறாத ஆவணம் இன்று அரிது. ஆனால் பங்கேற்கும் மக்களுக்கு ஒரு முடிவை மாற்றவோ நிறுத்தவோ உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஆவணம் அதைவிட அரிது. புயலோ வெள்ளமோ ஆழிப்பேரலையோ தாக்கிய ஊருக்கு வெளியிலிருந்து வரும் மீட்புப் படையினரும் துறை அலுவலர்களும் தொண்டு நிறுவனத்தாரும் முதலில் தேடுவது வழிகாட்ட ஓர் உள்ளூர்க்காரரையே. சந்துகளையும் வீடுகளையும் காட்டிக்கொடுக்கும்வரை அவர் இன்றியமையாதவராக இருக்கிறார். எந்தப் பொருள், எத்தனை பேருக்கு, எந்த இடத்தில் என்று முடிவெடுக்கும் கூட்டம் தொடங்கும்போது அவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளூர் இணைப்பாளரால் விளையும் பயன் அவருக்குப் பின்னால் நிற்கும் அதிகாரத்தின் அளவே இருக்கும் என்பதும், அந்த அதிகாரம் பேரிடருக்கு முன்பே எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும் என்பதும், ஊருக்குள்ளேயே குரல் ஒடுங்கியவர்கள் அதைக் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும் என்பதும் இவ்விதழின் நிலைப்பாடு.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. உள்ளூர் இணைப்பாளர் என்பவர் பாதிக்கப்பட்ட ஊரில் வாழ்பவர், ஊரார் நம்பிக்கையைப் பெற்றவர், ஊருக்கும் வெளியிலிருந்து வரும் அமைப்புகளுக்கும் இடையே பொறுப்பேற்று நிற்பவர். ஊரின் தேவையை வெளியாருக்குச் சொல்வது, வெளியாரின் திட்டத்தை ஊருக்கு விளக்குவது, இரண்டும் முரண்படும்போது வேலையை நிறுத்திவைத்துப் பேசச் செய்வது ஆகிய மூன்றும் அவருடைய பணிகள். முதல் இரண்டுக்கும் மொழியும் நற்பெயரும் போதும். மூன்றாவதற்கு அதிகாரம் வேண்டும். ஊர் அதிகாரம் என்று இங்கே குறிப்பிடப்படுவது, ஒரு சமூகம் தன்னைப் பிணைக்கும் முடிவுகளை எடுக்கவும் அவற்றைத் தன் மக்கள் ஏற்கும்படி செய்யவும் கொண்டுள்ள ஆற்றல். அது சட்டத்தால் அமைந்த கிராம ஊராட்சியிடம் இருக்கலாம். மீனவர் பஞ்சாயத்து, கோயில் நிர்வாகம், தேவாலயப் பங்கு, ஜமாஅத், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு என வழக்கத்தால் வேரூன்றிய அமைப்புகளிடமும் இருக்கலாம். பல ஊர்களில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் உள்ளன என்பதே களப்பணியாளர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சோழமண்டலக் கடற்கரையின் பட்டினவர் குப்பங்களில் நாட்டார் அல்லது பஞ்சாயத்தார் எனப்படும் தலைவர்களைக் கொண்ட ஊர்ப் பஞ்சாயத்து நெடுங்காலமாக இயங்கிவருகிறது. கோயில் திருவிழாவை நடத்துவது, எந்த வலையை எப்போது தடுப்பது, பூசலை எப்படித் தீர்ப்பது, அரசு அலுவலகத்தில் ஊருக்காக யார் பேசுவது என்பவற்றை அதுவே முடிவுசெய்யும். ஊருக்கு வரி கொடுக்கும் குடும்பங்களின் கணக்கு அதன் கையில் இருந்தது. அலை வடிந்தபின், யார் வீட்டில் யார் இல்லை என்பதைத் தலைக்கட்டு வாரியாகச் சொல்லக்கூடிய அமைப்பு அந்தக் குப்பங்களில் இதுவே. வந்து குவிந்த நிவாரணப் பொருள்களைப் பல ஊர்களில் பஞ்சாயத்தே ஏற்று, இருப்பு வைத்து, வரிக் குடும்பங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தது. வெளியிலிருந்து எந்த அமைப்பும் சில நாட்களில் உருவாக்கிவிட முடியாத ஒழுங்கு இது.

ஊரைக் கேளாமல் செய்யப்பட்டவற்றின் விளைவும் அதே கரையில் பதிவாகியுள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட பழைய துணிகள் உடுத்துவாரின்றிச் சாலையோரங்களில் குவிந்தன. அவற்றை அகற்றுவதே நிர்வாகத்திற்குத் தனி வேலையாயிற்று. தார் பூசிய தகடுகளால் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகள் கோடை வெயிலில் குடியிருக்க முடியாதவையாயின. படகுகளின் கதை இன்னும் ஆழமான பாடம் தருகிறது. ஒரு படகு கடலுக்குப் போக உழைப்பாளிகள் சிலர் சேர வேண்டும்; பிடித்த மீனின் வருமானம் படகு, வலை, உழைப்பு எனப் பங்கு பிரியும். இந்த ஏற்பாட்டை எண்ணாமல், எண்ணிக்கையில் காட்ட எளிது என்பதால் ஃபைபர் படகுகளைப் பல அமைப்புகள் போட்டியிட்டு வழங்கியபோது, பல ஊர்களில் படகுகள் அலைக்கு முன்பிருந்த அளவைத் தாண்டின. உழைக்கும் ஆட்கள் பல படகுகளுக்குச் சிதறினர். கரையோரக் கடலின் மீன்வளத்தின் மீதும் சுமை கூடியது. இதில் ஊரின் பங்கும் உண்டு: எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்ற பஞ்சாயத்து நெறியும் படகுகள் பெருகுவதற்குத் துணைபோனது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே இடத்தில் அமர்ந்து, மொத்தம் எத்தனை படகுகளைக் கடல் தாங்கும் என்று பேசுவதற்கான களம் தொடக்கத்திலேயே அமைந்திருந்தால் இந்த இழப்பு குறைந்திருக்கும்.

அத்தகைய களத்தை உருவாக்கும் முயற்சியும் நாகப்பட்டினத்தில்தான் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், அம்மாவட்டத்தில் மீனவப் பெண்களிடையே நெடுநாள் பணியாற்றிய ஸ்நேகா அமைப்பும் முன்னின்று, 2005 ஜனவரியின் தொடக்க நாட்களிலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு வள மையத்தை மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவுடன் தொடங்கின. எந்த ஊரில் எது தேவை, யார் எதைச் செய்கிறார்கள் என்ற செய்தியை அது ஓரிடத்தில் திரட்டியது; சில ஊர்களுக்கு ஒன்றாகக் கிராமத் தகவல் மையங்களை அமைத்து, அரசாணைகளை ஊருக்குள் கொண்டுசென்றது; ஊரின் குறைகளை ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. கடற்கரையை முன்பே அறிந்தவர்கள் அதை நடத்தியதால் அதன் சொல் இரு பக்கத்திலும் எடுபட்டது. நம்பிக்கை என்ற மூலதனம் ஆழிப்பேரலைக்கு முந்தைய ஆண்டுகளிலேயே ஈட்டப்பட்டிருந்தது.

எனினும் ஊர் அதிகாரத்தைப் போற்றுவதோடு நின்றுவிடுவது இத்துறைக்கு அழகன்று. பஞ்சாயத்தின் கணக்கு வரிக் கணக்கு. அதில் பெயர் பெறுபவர் பொதுவாகத் திருமணமான ஆண். கணவனை இழந்த பெண், தலையில் கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவர், கரையோர வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பத்தார், உப்பங்கழிகளில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த இருளர் ஆகியோர் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றனர். பஞ்சாயத்துப் பட்டியலையே நிவாரணப் பட்டியலாகக் கொண்ட இடங்களில் இவர்கள் விடுபட்டனர். முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும் அக்காலத்திலேயே மனித உரிமை அமைப்புகளால் பதிவுசெய்யப்பட்டது. ஊரின் ஒழுங்கு எந்தக் கையால் அரிசியைச் சமமாகப் பகிர்ந்ததோ அதே கையால் சிலரை வரிசைக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே ஊருக்கு ஓர் இணைப்பாளர் போதாது. வழக்கமான தலைமையின் நம்பிக்கை பெற்ற ஒருவரும், அத்தலைமையின் கணக்கில் வராதவர்கள் தாங்களே தேர்ந்த ஒருவரும் இணையான அதிகாரத்துடன் அமர்த்தப்பட வேண்டும். இரண்டாமவர் பெண்ணாக இருப்பது பெரும்பாலான ஊர்களில் இன்றியமையாதது.

எச்சரிக்கைச் செய்திகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். அதே டிசம்பர் 26 அன்று, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் தந்த எச்சரிக்கை, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஏற்படுத்தியிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் அறிவிக்கப்பட்டது. 3,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூர் உரிய நேரத்தில் கரையை விட்டு விலகியது. அந்த ஒலிபெருக்கி அன்றாடம் கடல் நிலையையும் அலை உயரத்தையும் சொல்லிவந்தது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் மக்கள் ஆராய்ந்துகொண்டிராமல் ஓடினர். எச்சரிக்கையின் வேகத்தைப் போலவே அதைச் சொல்பவர் யார் என்பதும் உயிர் காக்கும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையிலிருந்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை அவர்களை எட்டும் கருவிகள் அப்போது அப்படகுகள் பலவற்றில் இல்லை. யார் எந்தப் படகில் சென்றார் என்பதைத் தேவாலயப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாக விசாரித்துத் திரட்டிய பட்டியலுக்கும், அரசின் தொடக்க எண்ணிக்கைக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. காற்றும் நீரோட்டமும் கவிழ்ந்த படகை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்பதை அறிந்த மீனவர்களைத் தேடும் கப்பல்களில் ஏற்றிச்செல்ல வேண்டும் என்று கரையில் எழுந்த கோரிக்கை, பின்னர் பகுதியளவு ஏற்கப்பட்டது. அதற்குள் கழிந்த மணி நேரங்களைத் திருப்பித் தர எவராலும் இயலாது. அப்பட்டியலை ஏற்கவும், தேடும் எல்லையைத் தீர்மானிக்கும் அறையில் மீனவர் அமரவும் முன்கூட்டியே ஒரு விதி இருந்திருந்தால், கோரிக்கை எழுப்பவேண்டிய தேவையே இருந்திராது.

இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில் உதவிப் பணிகளை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐக்கிய நாடுகள் தளத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோல் பேசும் உள்ளூர் அமைப்புகள் பல, காவல் வாயிலையும் மொழியையும் கடக்க முடியாமல் வெளியே நின்றன. ஆழிப்பேரலை உதவிப் பணிகளை மதிப்பிட நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய கூட்டணி 2006இல் வெளியிட்ட அறிக்கை, உதவி வழங்குவதிலிருந்து மக்களின் சொந்த மீட்சி முயற்சிக்குத் துணைநிற்பதற்கு இத்துறை அடிப்படையில் திரும்ப வேண்டும் என்று வலியுறுத்தியது. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதநேய உச்சிமாநாட்டில், 2020க்குள் நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கூடியவரை நேரடியாக வழங்குவதென நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் உறுதி ஏற்றன; ஆனால் அவ்விலக்கு எட்டப்படவில்லை. கொள்கை அளவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று நடைமுறையில் நழுவுகிறது என்றால், அதிகாரத்தைப் பகிர்வதில்தான் தயக்கம் என்பது தெளிவு.

இந்தியச் சட்டம் கதவை முழுவதும் அடைத்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியை இணைத் தலைவராகவும் ஆக்குகிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி, நிவாரணம், மறுவாழ்வு ஆகியவற்றில் உள்ளாட்சிக்குக் கடமைகளையும் விதிக்கிறது. வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம் பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்ற இலக்குடன் விரிவாக்கப்பட்டது. கயிறு கட்டவும் முதலுதவி செய்யவும் கற்ற கைகள் இதனால் பெருகியுள்ளன. ஆனால் தன்னார்வலர் கட்டளைக்குக் காத்திருக்கும் கையாகவே கருதப்படுகிறார். வழக்கத்தால் அமைந்த ஊர் அமைப்புகளுக்கோ சட்டத்தில் பெயரே இல்லை.

எனவே களத்தில் பணிபுரிவோர் முன் இவ்விதழ் சில நடைமுறைகளை வைக்கிறது. ஒவ்வொரு அபாயப் பகுதிக்கும் இரண்டு இணைப்பாளர்களின் பெயர்கள் கிராம சபையில் வாசிக்கப்பட்டு, மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். தங்கும் இடம், இடுகாடு அல்லது சுடுகாடு, பயனாளிப் பட்டியல், குடியிருப்பை இடம்மாற்றுதல் ஆகிய நான்கு பொருள்களில் அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றி எந்த அமைப்பும் முடிவெடுக்கக் கூடாது. ஒப்புதல் மறுக்கப்பட்டால் குறித்த நேரத்துக்குள் காரணம் பதிவாகி, ஆட்சியரின் தீர்ப்புக்குச் செல்ல வேண்டும். உயிர் மீட்புக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. அதில் தாமதத்துக்கு இடமில்லை. பயனாளிப் பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்டு, விடுபட்டவர் அங்கேயே பெயர் சேர்க்க வழி இருக்க வேண்டும். ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் மக்களின் மொழியில், அவர்கள் நடந்து வரக்கூடிய தொலைவில் நடைபெற வேண்டும்.

இன்னொன்றையும் இத்துறை மறந்துவிடக் கூடாது. இணைப்பாளரும் பாதிக்கப்பட்டவர்; பல வேளைகளில் தம் வீட்டுத் துயரத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவர் வெளியாருடன் நடக்கிறார். வந்த பொருள் போதாதபோது ஊரின் சினம் விழுவது அவர் மீது. வெளியிலிருந்து வந்தவர்கள் திரும்பிச் சென்றபின் அந்த ஊரில் வாழ வேண்டியவரும் அவரே. அவருடைய நாட்களுக்கு ஊதியம், இழப்புக்கு ஈடு, சில நாட்களுக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றிக்கொள்ள மாற்றாள் ஆகியவை திட்டச் செலவில் முதலிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் மாவட்டந்தோறும் முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. படகுகள், மணல் மூட்டைகள், மின்னாக்கிகள், தங்குமிடங்கள் ஆகியவற்றின் கணக்கு அக்கூட்டக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறுகிறது. அக்குறிப்பில் ஊர் வாரியாக இரண்டு பெயர்களும், அவர்கள் எதை நிறுத்தலாம் என்ற ஒரு வரியும் சேர்வதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. இவ்விதழைப் படிக்கும் அலுவலரும் களப்பணியாளரும் அடுத்த கூட்டத்திலேயே அந்த வரியை எழுதவைக்க முடியும். நீர் ஊருக்குள் புகுந்தபின் அதை எழுத நேரம் இருக்காது.