பெட்டி கூட்டினால் எழும்பூர் கிட்டே வருமா?

திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுக்குக் காலைப் பேப்பரோடு நோட்டீஸ்களும் வரும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரி, நீட் கோச்சிங், இவற்றோடு தவறாமல் இன்டர்நெட் கம்பெனி நோட்டீஸ் ஒன்றும்: ஸ்பீடைக் கூட்டுங்க, லேக்கை விரட்டுங்க. கம்பெனிப் பெயர் மாறும். எண்ணும் மாறும், 40 என்றார்கள், 100 என்றார்கள், இப்போது 300-இல் நிற்கிறார்கள். வாக்கியம் மட்டும் ஆறு வருஷமாக அதேதான். லைன் பார்க்க வருகிற தம்பியும் இதைத்தான் ஒப்பிப்பார். “அண்ணாச்சி, நீங்க இன்னும் நூறுலயே கெடக்கிய. எரநூறு போடுங்க, மருமவன் கேம் பறக்கும் பாத்துக்கிடுங்க.”

போட்டேன். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு என் அக்கா மகன் மச்சிலிருந்து இறங்கி வந்தான். “மாமா, நான் சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்ச பொறவுதான் அவன் சுடுதான். ஆனா செத்தது நான்.” காசு கூடியது, லேக் குறையவில்லை.

முதல் கூற்றையே எடுத்துக்கொள்வோம்: வேகம் கூடினால் தாமதம் குறையும். திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் 8 பெட்டிகளோடு ஓடத் தொடங்கியது. கூட்டம் தாங்காமல் 2025 ஜனவரியில் 16 ஆக்கினார்கள். அதனால் எழும்பூருக்கு ஒரு நிமிஷமாவது முன்னால் போய்ச் சேர்ந்ததா? இரண்டு மடங்கு ஜனம் ஏறியது, அவ்வளவுதான். நோட்டீஸ்காரர்கள் ஸ்பீடு என்று விற்கிற எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பது, பெட்டிகளின் எண்ணிக்கை. கேம் ஆடுகிறவனுக்கு வேண்டியது ரயில் போய்த் திரும்பும் நேரம். ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட். வேலரன்ட் ஆடுகிறவர்களுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. வழி 1,500 கிலோமீட்டர் என்று வைத்தால் 15 மில்லிசெகண்ட் கட்டாயக் கூலி. கேபிள் சென்னையைச் சுற்றிப் போனால் இன்னும் கூடும். 499 ரூபாய் கட்டுகிறவருக்கும் 1,499 ரூபாய் கட்டுகிறவருக்கும் ஒரே ஒளிதான். காசு வாங்கிக்கொண்டு அது வேகமாக ஓடாது. இத்தனைக்கும் அந்த கேம் ஒரு எம்பிபிஎஸ்ஸைத் தொடுவதே அபூர்வம். இரண்டு பேர் போகிற ரயிலுக்கு இருநூறு பெட்டி.

(அரசாங்கமும் இதே வழிதான். பிராட்பேண்டு என்றால் நொடிக்கு 512 கிலோபிட் என்று 2013-இல் இலக்கணம் வகுத்து, 2023 ஜனவரியில் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. இலக்கணம் முழுக்கப் பெட்டிக் கணக்கு.)

அடுத்தது, தம்பி தன் போனிலிருந்து எடுத்து நீட்டும் சாட்சி. “யூடியூப் நிக்காம ஓடுது பாருங்க. அப்ப லைன் சுத்தம்.” யூடியூப், குலுக்கை நிறைய நெல் கொட்டி வைத்துச் சாப்பிடுகிற வீடு. அரை நிமிஷம் வரத்து நின்றாலும் தெரியாது. கேம், அன்றன்றைக்குக் கூலி வாங்கி உலை வைக்கிற வீடு. சர்வர் நொடிக்கு 128 தடவை நிலவரம் கணக்கிடுகிறது. அதில் நாலைந்து வராமல் போனால் அந்த நொடி பட்டினி. தொலைந்த பாக்கெட்டை, அதாவது அந்தத் தகவல் துண்டை, திரும்பக் கேட்டு வாங்கினாலும் பிரயோசனமில்லை, எதிராளி அதற்குள் வேறு இடத்தில் நிற்பான்.

ஸ்பீடு டெஸ்ட்? பத்துப் பதினைந்து நொடிச் சராசரி. சராசரியில் யாரும் சாவதில்லை.

மூன்றாவது: பாக்கெட் லாஸ் என்றால் வெளியே லைன் கோளாறு. இது தெருவில் நிற்கும் போஸ்ட் கம்பத்தின் மேல் பழி போடுகிற வேலை. கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து, பிங் என்று அடித்து, வெளியூர் முகவரி எதுவும் வேண்டாம், வீட்டு ரௌட்டரின் முகவரியையே போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற பெட்டி அது. வயரில் அங்கே போய்த் திரும்ப ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. எங்கள் மச்சிலிருந்து வைஃபையில் போட்டபோது 3, 4, 3, 187, 5, பதில் இல்லை, 92. மும்பை வரை போவானேன், ரேழியைத் தாண்டவே பாக்கெட்டுக்குப் பெலனில்லை.

காரணம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஒன்றரை முழம் கனம். ரேழியில் கேபிள் நுழைவதால் ரௌட்டர் ரேழியில். மருமகன் மூன்றாங்கட்டு மச்சில். நடுவே இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. போனில் தேடினால் பத்தொன்பது வைஃபை தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கக்கூடிய சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பத்தொன்பது வீட்டுக்கு மூன்று தண்ணிக்குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் சண்டை நடக்குமா நடக்காதா? வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இரண்டு பேச்சும் வீண், மறுபடி சொல்ல வேண்டும். அந்த மறுபடி மறுபடிதான் 187. அடுத்த வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இட்லி சுடவைக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் ஏராளம், 2018-இல் இந்தியாவில் இன்னும் கூடுதலாகத் திறந்து விட்டார்கள். ஆனால் அதற்குச் சுவர் என்றாலே பயம்.

இதற்கென்று கடையில் விற்கிற மருந்துகளும் உண்டு. எட்டுக் கொம்பு வைத்த கேமிங் ரௌட்டர்: கொம்பு சுவரைக் குத்தாது. ரிப்பீட்டர்: அதே குழாயில் இன்னொரு குடம். பிங் குறைக்கும் ஆப்: விளம்பரம் வந்து பிங்கைக் கூட்டியது.

இனி, எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டிய விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒழுங்காக ஓடுகிற கேம், சரியாக ஒன்பதரைக்கு ஏன் நொண்டுகிறது? “எல்லாரும் யூஸ் பண்ணுத நேரம்லா அண்ணாச்சி” என்றார் தம்பி. எல்லாரும் என்றால் ஊர் முழுக்க என்று அவர் நினைத்தார். எங்கள் வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. சமையலறை ஒழிந்து அக்கா போனைச் சார்ஜில் போடுகிற நேரம் அது. போட்டதும், பகலெல்லாம் எடுத்த கல்யாண வீட்டுப் போட்டோவும் வீடியோவும் தானாக மேலே ஏறத் தொடங்கும். வாசல் கேமரா வேறு இருபத்துநாலு மணி நேரமும் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் வருகிற ஊரில் பிறந்தவனுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டாம். தலைமடைக்காரன் வாய்க்காலை மொத்தமாக வெட்டி விட்டால் கடைமடை வயல் வெடிக்கும். கேம்தான் கடைமடை; அதற்கு வேண்டியது ஒரு கை தண்ணீர், ஆனால் நேரத்துக்கு வேண்டும். போட்டோவுக்கு அவசரமே இல்லை, விடியக்காலம் ஏறினாலும் போதும். ஆனால் முன்னால் நிற்பது அதுதான். ரௌட்டர் செய்கிற கோளாறு என்னவென்றால், வந்ததை எல்லாம் வாங்கி வரிசையில் நிறுத்திக்கொள்கிறது. ஒரு பாக்கெட்டையும் தொலைத்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில், மெமரி மலிவாகக் கிடைக்கிறதே என்று, தயாரித்தவர்கள் பெரிய பெரிய தொட்டியாகக் கட்டி வைத்துவிட்டார்கள். 1 மெகாபைட் வரிசை நிற்கிறது, மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், கடைசியில் வந்து சேர்கிற கேம் பாக்கெட் முக்கால் நொடிக்கும் மேல் நிற்க வேண்டும். போட்டோ அனுப்புகிற போனோ, பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசல் என்று தெரிந்து நிதானிக்கும். தொலையவிடாமல் தொட்டி காப்பாற்றுவதால் அது மேலும் மேலும் கொட்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால்? தலைமடைக்காரன் அதையும் குடிப்பான். பைபர் அகலமாகிவிட்டால் நெரிசல் வைஃபைக்கு இடம் மாறி அங்கே தொட்டி கட்டும்.

இதை ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தன் வீட்டிலேயே கண்டுபிடித்து, பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். தொட்டி வீக்கம் என்று நம் ஊரில் சொல்லலாம். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் மருந்து சொன்னார்கள். மருந்து என்ன தெரியுமா? பாக்கெட்டைத் தொலைப்பது! வரிசையில் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெகண்ட் நீடித்தால், ஒன்றை எடுத்து வெளியே போடு, கொட்டுகிறவன் நிதானிப்பான். பிறகு வந்தவர்கள் அதோடு முறைப்பாசனத்தையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் தனி வரிசை, மாற்றி மாற்றி மடை திறப்பு. நம் நீர்ப்பாய்ச்சிகள் எந்தக் காலத்திலிருந்தோ மண்வெட்டியோடு செய்கிற வேலை, 2018-இல் இணையப் பொறியாளர் குழுவின் ஆவணமாக வந்திருக்கிறது.

இந்த நீர்ப்பாய்ச்சியை உட்கார வைக்கச் சில ரௌட்டர்களில் இடம் உண்டு. ஒரு நிபந்தனை மட்டும்: மடை நம் கையில் இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் வேகத்தை லைனின் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டிவைக்க வேண்டும். 200-ஐ 170 ஆக்கினேன். ஆமாம், குறைத்தேன். அன்று ஒன்பதரைக்கு அக்கா போன் கல்யாணத்தை ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. மருமகன் இறங்கி வரவில்லை. அடுத்த மாதம் பழையபடி 100-க்கே திரும்பினேன். “என்ன அண்ணாச்சி, கொறைக்கிய?” என்று தம்பி வருத்தப்பட்டார். கேம் அப்டேட் இறங்க முன்னைவிட நேரமாகிறது என்பது நிஜம், இறங்கட்டும்.

ரேழியிலிருந்து மச்சுக்கு ஒரு லேன் வயரும் இழுத்திருக்கிறேன். முற்றத்துக்குக் குறுக்கே கொஞ்சம் தாழ்வாகத்தான் போகிறது. எங்கம்மா அதில் ஈரத் துண்டு காயப்போட்டிருக்கிறாள். பிங் 38-ஐ விட்டு அசையவில்லை.