பூங்காவில் பறக்குது ட்ரோன்! கேட்க ஆள் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலை 6½ மணி. சென்னை நகரின் நடுவே ஒரு பூங்கா. வாக்கிங் போகும் பெரியவர்கள், யோகா செய்யும் பெண்கள், ஊஞ்சலுக்குச் சண்டை போடும் வாண்டுகள் என்று ஒரே கலகலப்பு.

திடீரென்று தலைக்கு மேலே 'ங்ஙொய்' என்று தேன்கூடு கலைந்தது போல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால், ட்ரோன்!

யோகா செய்த பெண்கள் சட்டென்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "யாருப்பா அது? கீழே இறக்கு!" என்று சத்தம் போட்டார். மூலையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்த வாலிபர், "சும்மா டெஸ்டிங்தான் சார்" என்றார்.

அடுத்த 2 நிமிடத்தில் அந்த 'சும்மா டெஸ்டிங்' தூங்குமூஞ்சி மரக் கிளையில் மோதி, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் 'டமார்' என்று விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஓரடி தள்ளி விழுந்திருந்தால்?

வாட்ச்மேனைக் கேட்டோம். "நாய் கூடாது, கிரிக்கெட் கூடாது, பூப்பறிக்கக் கூடாதுன்னு போர்டுல இருக்கு சார். ட்ரோன் கூடாதுன்னு இல்லையே! நான் என்னன்னு சொல்லித் தடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தோம். "அது கார்ப்பரேஷன் இடமாச்சே" என்றார்கள். கார்ப்பரேஷன் ஆபீசில் கேட்டோம். "பறக்கிற சமாச்சாரமெல்லாம் போலீஸ்தான்" என்றார்கள். ட்ரோன் மரத்தில் மோதியது. நம் கேள்வி சுவரில் மோதியது!

சட்டம் இருக்கிறது

சட்டமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டன. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று 3 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் மூச்சு விடக்கூடாது.

விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரை மட்டத்திலிருந்தே மஞ்சள்தான். மீனம்பாக்கத்தை வைத்துப் பார்த்தால் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர் எல்லாம் இந்த 8 கி.மீ. வட்டத்துக்குள் வருகிற ஏரியாக்கள். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போனால் மஞ்சள். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

எத்தனை பேருக்கு இது தெரியும்? பூங்கா வாட்ச்மேனுக்குத் தெரியாது. பீட் கான்ஸ்டபிளுக்குத் தெரியுமா? பையனுக்கு ட்ரோன் வாங்கித் தரும் அப்பாவுக்குத் தெரியுமா?

2 கிலோ படிக்கல்

விதியில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. தொழிலுக்கு இல்லாமல் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டால், 2 கிலோ எடை வரையுள்ள ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை.

2 கிலோ என்றால் எவ்வளவு என்று மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். தராசில் வைக்கிற படிக்கல்லைக் காட்டுவார். அந்தக் கல் 100 அடி உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் வேகம் இருக்கும். கல்லுக்காவது இறக்கை இல்லை. ட்ரோனுக்குச் சுழல்கிற இறக்கை வேறு இருக்கிறது! திறந்த மைதானத்தில் விழுந்தால் பொருள் நஷ்டத்தோடு போகும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்?

அடுத்தது கேமரா. மூடிய அறைக்குள் இருக்கும் பெண்ணை ஒளிந்திருந்து படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை ஜெயில். ஆனால் பூங்காவில் ஓடுகிற பெண்ணைத் தலைக்கு மேலிருந்து படம் எடுத்தால்? 'பொது இடம்தானே' என்று சுலபமாகத் தப்பித்துக்கொள்ளலாம். காலையில் அரை மணி நேரம் நிம்மதியாக நடக்க வந்த பெண், நாளைக்கு வீட்டோடு இருந்துவிடுவார். அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

மாஞ்சா சொன்ன பாடம்

அப்படியானால் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டுவிடலாமா? அதுவும் சரிப்படாது.

நைலான் மாஞ்சாவுக்கு 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் வந்த 3 வயதுக் குழந்தை, மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துச் செத்தது. தடை காகிதத்தில் இருந்தது. நூல் தெருவில் இருந்தது!

சாவு விழுந்த பிறகு ரெய்டு, கைது, பறிமுதல் என்று பரபரப்பது நமக்குப் பழகிப்போன கதை. ட்ரோன் விஷயத்திலாவது முன்கூட்டியே விழித்துக்கொள்ளக் கூடாதா?

ட்ரோனை வில்லனாக்குவது நம் நோக்கமல்ல. 2021-ல் இதே மாநகராட்சிதான் கால்வாய்களில் கொசு மருந்து தெளிக்க ட்ரோனை இறக்கியது. 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு ஆஸ்திரேலியா வரை போய்ப் பறக்கவிட்டு, போட்டியில் 2-வது இடம் பிடித்தது. நடிகர் அஜித் குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அதைப் பார்த்து ஆசைப்பட்ட பையன்கள் எத்தனையோ பேர். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

வானத்துக்கு மத்திய அரசு சொந்தக்காரர் என்றால், பூங்காத் தரைக்கு மாநகராட்சிதான் சொந்தக்காரர். ட்ரோன் வானத்தில் முளைப்பதில்லை. தரையிலிருந்துதான் கிளம்ப வேண்டும், தரையில்தான் இறங்க வேண்டும். அங்கே பிடிக்கலாமே!

நியூயார்க் நகரம் 2023-ல் இதைத்தான் செய்தது. நகரத்துக்குள் ட்ரோன் கிளம்பவும் இறங்கவும் போலீசிடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கட்டணம் 150 டாலர். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஏழை போட்டோகிராபர் எங்கே போவார்?

முதலில், ஒவ்வொரு பூங்கா வாசலிலும் 'இது எந்த மண்டலம், ட்ரோன் பறக்கலாமா, கூடாதா' என்று 2 வரியில் தமிழில் எழுதிப்போட வேண்டும். ஊஞ்சல், சறுக்கு மரம் உள்ள சின்னப் பூங்காக்களில் கண்டிப்பாகக் கூடாது. அதற்குப் பதிலாகப் பச்சை மண்டலத்தில் ஒன்றிரண்டு மைதானங்களில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரே கவுண்டரில், குறைந்த கட்டணத்தில், ஒரே நாளில் பெர்மிட் தர வேண்டும். இழுத்தடித்தால் திருட்டுத்தனமாகத்தான் பறக்கவிடுவார்கள். ட்ரோனுக்கு அரசு தரும் அடையாள எண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வைக்க வேண்டும். வாட்ச்மேன் கையில் ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். அவர் கூப்பிட்டால் போலீஸ் வர வேண்டும். 'அது அவங்க டிபார்ட்மென்ட்' என்ற பதில் மட்டும் வரக்கூடாது!

போலீசும் மாநகராட்சியும் பறக்கவிடும் ட்ரோனுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். எதற்காக வருகிறது, எடுத்த படம் எங்கே போகிறது என்று போர்டு வைத்துச் சொல்லட்டும். சட்டம் ஊருக்கு மட்டும்தானா?

ஒரு டப்பா பெயிண்ட், ஒரு போன் நம்பர், 2 அதிகாரிகள் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

அன்று ட்ரோன் விழுந்த இடத்துக்கு ஓரடி தள்ளி ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஓரடியை நம்பித்தான் நாம் தினமும் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்புகிறோம். அதிகாரிகள் எதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்?