ராசியில்லாதவன் யார்?

எங்கள் தருவைகுளத்தில் மூன்று நாள் பாடில்லாமல் படகு திரும்பினால், புதிதாக ஏறியவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். "கால் வைத்த ராசி" என்பார்கள். இந்தப் பேச்சு கால்பந்துத் திடலுக்கும் வந்துவிட்டது. சென்ற கோடை விடுமுறையில் என் நண்பன் கோல் காத்த மூன்று ஆட்டங்களிலும் எங்கள் அணி தோற்றது. நான்காம் ஆட்டத்தில் அவனை உட்காரவைத்துவிட்டோம். அவன் தடுத்த பந்துகள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. அவனை நீக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நண்பர்களே, தொடர் தோல்வி என்று ஒன்று உண்மையில் உண்டா?

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கி, 2025 மார்ச் 9இல் துபாயில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் வரை, இந்தியக் கிரிக்கெட் அணி ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 15 முறை டாஸில் தோற்றது. இதற்கான வாய்ப்பு 32,768இல் ஒன்று. ஆயினும் எத்தனையோ அணிகள் எத்தனையோ ஆண்டுகளாக டாஸ் போடுகையில், எங்கேனும் இப்படியொரு வரிசை விழத்தான் செய்யும். அந்தத் துபாய்க் கோப்பையை வென்றதும் இந்தியாவே; அத்தொடரில் ஒரு டாஸில்கூட வெல்லாமல்!

ஆட்டம் டாஸ் அன்று என்பீர்கள். உண்மைதான். 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் நாம் பெற்ற ஆறு தங்கங்களை ராசி என்று யார் சொல்வார்? அது திறமை. கூடைப்பந்தில் தொடர்ந்து பந்து விழுவது வெறும் மயக்கம் என்று 1985இல் கிலோவிச், வலோன், டுவெர்ஸ்கி எழுதினர். அவர்கள் கணக்கிட்ட முறையிலேயே ஒரு சாய்வு இருந்ததை 2018இல் மில்லரும் சான்ஹூர்ஹோவும் காட்டினர். நாணயத்தை மும்மூன்று முறை சுண்டி, ஒவ்வொரு மூன்றிலும் தலைக்கு அடுத்துத் தலை விழுந்த விகிதத்தைச் சராசரி பார்த்தால் பாதி வராது, 5/12தான் வரும். கணிதத்துறை நண்பர்கள் எழுதிப் பார்க்கட்டும். நான் நம்பாமல் இரண்டு முறை எழுதினேன். ஆகவே 'கை வந்த நேரம்' என்பது முழுப் பொய்யுமன்று.

கடலிலும் பாடில்லாத நாட்கள் தொடரும். காற்று மாறி நீரோட்டம் திரும்பினால், மறுநாளும் மீன் கூட்டம் அங்கே இராது. காரணம் நீரில் இருக்கிறது. புதிதாக ஏறியவன் காலில் இல்லை. அந்தப் பேச்சால் பங்கு போய்க் கரையில் நிற்பவனுக்கு யார் பதில் சொல்வது?

நான்காம் ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். அன்று கோல் காத்தவனை ஒருவரும் ராசியில்லாதவன் என்று சொல்லவில்லை. அவன் அணித் தலைவரின் தம்பி.

வரும் கோடைக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கோலை நோக்கி வந்த பந்து, தடுத்த பந்து என்று இரண்டு பத்திகள் கோடு போட்டாயிற்று. நண்பனிடம் இன்னும் பேசவில்லை.